முதல் பட்டா: நெப்ராஸ்காவில் ஒரு புல்வெளிப் பண்ணையின் கதை

1863 ஜனவரி 1. அமெரிக்க வரலாறு கொஞ்சம் படித்த யாரிடம் இந்தத் தேதியைக் கேட்டாலும், "லிங்கனின் அடிமை விடுதலைப் பிரகடனம் அமலுக்கு வந்த நாள்" என்று சொல்லிவிடுவார்கள். சரிதான். ஆனால் அதே நாளில் இன்னொரு சட்டமும் அமலுக்கு வந்தது. அதிலும் லிங்கனின் கையெழுத்துதான். 1862 மே 20 அன்று அவர் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டம். நம் பாடப்புத்தகங்களில் இதற்கு ஒரு வரி கிடைத்தாலே பெரிது. அமெரிக்காவின் மொத்த நிலப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 27 கோடி ஏக்கர், இந்த ஒரே சட்டத்தால் அரசிடமிருந்து தனிமனிதர்களின் கைக்குப் போனது என்றால் நம்ப முடிகிறதா?

சட்டம் சொன்னது மிக எளிது. உனக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும், அல்லது நீ ஒரு குடும்பத்தின் தலைவராக இருக்க வேண்டும். அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும், அல்லது ஆகப்போகிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அமெரிக்க அரசுக்கு எதிராக ஆயுதம் ஏந்தியிருக்கக் கூடாது. இவ்வளவுதான். 160 ஏக்கர் வரை எடுத்துக்கொள்ளலாம். அதில் ஒரு வீடு கட்டி, ஐந்து வருடம் குடியிருந்து, உழுது பயிரிட்டால் நிலம் உனக்கே சொந்தம். எல்லாக் கட்டணமும் சேர்த்து 18 டாலர். திருமணமாகாத பெண்களும் விதவைகளும்கூட விண்ணப்பிக்கலாம் என்பது அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம்.

இவ்வளவு நல்ல சட்டம் ஏன் முன்பே வரவில்லை? வர விடவில்லை. மேற்கில் சின்னச் சின்ன விவசாயிகள் போய்க் குடியேறினால் அங்கே உருவாகும் மாநிலங்கள் அடிமை முறைக்கு எதிராகப் போய்விடும் என்று தெற்கு மாநிலங்கள் பயந்தன. 1860ல் இப்படி ஒரு மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியபோது அதிபர் புக்கானன் தன் அதிகாரத்தைப் பயன்படுத்தித் தடுத்துவிட்டார். பிறகு தெற்கு பிரிந்து போனது, உள்நாட்டுப் போர் வந்தது, எதிர்த்து ஓட்டுப் போட ஆள் இல்லை. சட்டம் வந்துவிட்டது.

சரி, இனி நம் பண்ணைக்கு வருவோம்.

நெப்ராஸ்காவில் பிரவுன்வில் என்று ஒரு ஊர். அங்கே ஒரு நில அலுவலகம். 1862 டிசம்பர் 31 இரவு டேனியல் ஃப்ரீமன் என்பவர் அந்த ஊரில் இருந்தார். ஒஹாயோவில் பிறந்தவர், வயது 36. கப் க்ரீக் என்ற ஓடைக்கரையில் அவர் ஏற்கெனவே ஒரு நிலத்தைப் பார்த்து வைத்திருந்தார். தான் வடக்குப் படையைச் சேர்ந்தவன், உடனே திரும்ப வேண்டும், அலுவலகம் திறக்கும்வரை காத்திருக்க முடியாது என்று சொல்லி, புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் இருந்த அலுவலக எழுத்தரைச் சம்மதிக்க வைத்து, நள்ளிரவு தாண்டியதும் கதவைத் திறக்கச் செய்து முதல் விண்ணப்பத்தைப் பதிவு செய்தார் என்பது கதை. "கதை" என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அவர் படையில் இருந்ததற்கு உறுதியான ஆவணம் இல்லை. அதே முதல் நாளில் நாடு முழுக்க வெவ்வேறு அலுவலகங்களில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள். டகோட்டாவில் ஒருவர் "நான்தான் முதல்" என்று சொல்லிக்கொண்டார். ஆனால் ஃப்ரீமனிடம் ஒரு பலம் இருந்தது: காகிதம். அவருடைய விண்ணப்ப எண் 1, இறுதிச் சான்றிதழ் எண் 1, பட்டா பதிவான இடம் முதல் புத்தகத்தின் முதல் பக்கம். இதற்கு மேல் யார் என்ன வாதாட முடியும்?

வாழ்நாள் முழுக்க "நாட்டின் முதல் ஹோம்ஸ்டெடர்" என்ற பட்டத்தை அவரே விளம்பரப்படுத்திக்கொண்டார். கையில் துப்பாக்கி வைத்துக்கொண்டு நிற்கும் அவருடைய புகைப்படம் ஒன்று பிரபலம். முகத்தைப் பார்த்தால் நிலத்தைக் கேட்டுப் போனால் சுட்டுவிடுவார் போலத்தான் இருக்கும்.

அவருடைய மனைவி ஆக்னஸ் வந்த கதை தனி. ஆக்னஸுக்கு முதலில் நிச்சயிக்கப்பட்டிருந்தது ஃப்ரீமனின் தம்பி ஜேம்ஸை. ஜேம்ஸ் உள்நாட்டுப் போரில் இறந்துவிட்டார். அதன் பிறகு அண்ணன் கடிதம் எழுத ஆரம்பித்தார். கடிதத்திலேயே பேசி முடித்து 1865 பிப்ரவரியில் அயோவாவில் கல்யாணம். அங்கிருந்து கப் க்ரீக்குக்கு.

எப்படிப்பட்ட இடத்துக்கு அந்தப் பெண் வந்து இறங்கினார் தெரியுமா? "வட அமெரிக்காவில் பிரெய்ரி, ஆசியாவில் ஸ்டெப்பி, தென் அமெரிக்காவில் பாம்பாஸ், ஆப்பிரிக்காவில் வெல்டு, ஆஸ்திரேலியாவில் டவுன்ஸ்" என்று புவியியல் பரீட்சைக்கு நாம் எல்லோரும் மனப்பாடம் செய்திருப்போம். "பொருத்துக"வில் ஐந்து மதிப்பெண். அந்த முதல் வார்த்தைதான் இது. மைதானத்துப் புல்லை நினைக்காதீர்கள். நெப்ராஸ்காவின் கிழக்குப் பகுதியில் இருப்பது உயரப்புல் பிரெய்ரி. பிக் புளூஸ்டெம், இண்டியன் கிராஸ், ஸ்விட்ச் கிராஸ் என்று ஆள் உயரத்தைத் தாண்டி வளரும் புற்கள். மரம் என்றால் ஓடைக்கரையில் மட்டும்தான். ஆனால் உண்மையான காடு மண்ணுக்கு அடியில் இருக்கிறது. இந்தப் புற்களின் வேர் பத்தடிக்கும் கீழே போகும். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் ஜான் வீவர் என்ற தாவரவியலாளர் பள்ளம் தோண்டித் தோண்டி இந்த வேர்களை வரைந்து வைத்திருக்கிறார். பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். செடியின் பெரும்பகுதி கீழேதான், நாம் பார்க்கிற புல் மேலே கொஞ்சம்.

அந்த வேர்ப்பின்னலை உழுவது லேசான வேலை இல்லை. கிழக்கிலிருந்து கொண்டுவந்த வார்ப்பிரும்புக் கலப்பையில் பிரெய்ரி மண் அப்பிக்கொள்ளும். நாலடிக்கு ஒரு தடவை நின்று சுரண்ட வேண்டும். 1837ல் இல்லினாய்ஸில் ஜான் டியர் என்ற கொல்லர் எஃகுக் கலப்பை செய்த பிறகுதான் வழி பிறந்தது. (இன்று பச்சை டிராக்டரில் பார்க்கிற அதே ஜான் டியர்தான்.) ஒரு தடவை உழுதுவிட்டால் பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்த கறுப்பு மண். சோளம் கொட்டும். ஆனால் அந்தப் புல் திரும்ப வராது.

ஐந்து வருடம் கழித்து, 1868 ஜனவரியில், நிலத்தில் என்ன செய்தேன் என்று ஃப்ரீமன் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. சாட்சிகள் கையெழுத்திட்ட அந்த ஆவணத்தைப் படித்தால் பண்ணை அப்படியே கண்முன் வருகிறது. பாதி மரத்துண்டுகளாலும் பாதி பலகையாலும் ஆன, 14 அடிக்கு 20 அடி வீடு. ஒரே தளம். இரண்டு கதவு, இரண்டு ஜன்னல், ஓடு மாதிரி மெல்லிய மரத்தகடு வேய்ந்த கூரை, பலகைத் தரை. உழுது வேலியிட்டது சுமார் 35 ஏக்கர். ஒரு தொழுவம், 100 அடி நீள ஆட்டுக்கொட்டகை, சோளக்கதிர் சேமிக்கும் பட்டறை. 40 ஆப்பிள் மரம், ஏறக்குறைய 400 பீச் மரம். ஐந்து வருட உழைப்பு ஒரு பத்தியில் அடங்கிவிட்டது. 1869ல் பட்டா கைக்கு வந்தது.

எல்லோரும் இப்படி நேர்மையாகச் செய்யவில்லை. "12க்கு 14 வீடு கட்டியிருக்கிறேன்" என்று சத்தியம் செய்துவிட்டுப் போவார்களாம். அடியா அங்குலமா என்று சொல்வதில்லை! சக்கரம் வைத்த குடிசையை நிலத்துக்கு நிலம் உருட்டிப் போய்க் காட்டியவர்களும் உண்டு என்று சொல்வார்கள். ஏமாற்றியவர்களைவிடத் தோற்றவர்கள் அதிகம். சுமார் 40 லட்சம் விண்ணப்பங்களில் பட்டா வரை போனது 16 லட்சம்தான். பாதிக்கு மேல் பேர் பாதியிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். வறட்சி, பனிப்புயல், கடன், தனிமை. 1874ல் ராக்கி மலை வெட்டுக்கிளிகள் வந்தன. வானம் இருட்டியது, பயிர் போனது, வியர்வை உப்புப் படிந்த கருவிகளின் மரப்பிடியைக்கூட அரித்தன என்று எழுதி வைத்திருக்கிறார்கள். விசித்திரம் என்னவென்றால் அந்த வெட்டுக்கிளி இனமே பிறகு அழிந்துவிட்டது. 1902க்குப் பிறகு ஒன்றைக்கூட யாரும் உயிரோடு பிடிக்கவில்லை.

இவ்வளவு நேரம் "அரசு நிலம்" என்று எழுதிக்கொண்டே வந்தேன். அரசுக்கு அந்த நிலம் எப்படி வந்தது? இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஹோம்ஸ்டெட் வரலாறு எழுதினால் அது அரை வரலாறு.

நெப்ராஸ்கா என்ற பெயரே ஓட்டோ மொழியிலிருந்து வந்தது. தட்டையான நீர் என்று பொருள், பிளாட் ஆற்றைக் குறிப்பது. கப் க்ரீக் போய்ச் சேரும் பிக் புளூ ஆற்றங்கரையெல்லாம் ஓட்டோ - மிசௌரியா மக்கள் எருமை வேட்டையாடித் திரிந்த இடம். 1854ல் ஓர் ஒப்பந்தம் மூலம் அவர்களுடைய நிலத்தை அரசு எடுத்துக்கொண்டு, பிக் புளூ ஓரமாக 10 மைலுக்கு 25 மைல் அளவில் ஒரு துண்டை மட்டும் ஒதுக்கியது. ஃப்ரீமன் நள்ளிரவில் ஓடிப் போய் விண்ணப்பித்தது இதற்கு ஒன்பதாவது வருடம். அவருடைய பண்ணையிலிருந்து ஏறக்குறைய ஒரு நாள் நடைத்தூரத்தில், அவர் பீச் மரம் வளர்த்துக்கொண்டிருந்த அதே காலத்தில், அந்த மக்கள் அந்தத் துண்டு நிலத்தில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். குடியேறியவர்களுக்கு அதுவும் வேண்டியிருந்தது. 1881ல் அவர்களை ஓக்லஹோமாவுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்றும் அந்தப் பழங்குடியின் தலைமையகம் அங்கேதான், ரெட் ராக் பக்கத்தில். பெயர் மட்டும் நெப்ராஸ்காவில் நின்றுவிட்டது.

ஃப்ரீமனை வில்லனாக்குவது என் நோக்கமில்லை. அவர் சிக்கலான மனிதர். 1899ல் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை பைபிள் வாசித்து, ஜெபம் செய்து, பாட்டும் பாட வைக்கிறார் என்று தெரிந்ததும், அரசுப் பள்ளியில் இது கூடாது என்று வழக்குப் போட்டார். 1902ல் நெப்ராஸ்கா உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார். அமெரிக்காவில் பள்ளியையும் மதத்தையும் பிரிப்பது பற்றிய ஆரம்ப கால வழக்குகளில் அது முக்கியமானது. வழக்குப் போட்டபோது அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. 1908 டிசம்பரில் இறந்தார். சொந்த நிலத்திலேயே புதைத்தார்கள். 1931ல் ஆக்னஸையும் பக்கத்தில்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் இந்தப் பண்ணையை எழுத எடுத்ததற்கே காரணம்.

முதல் ஹோம்ஸ்டெடின் இடத்தை நினைவிடமாக்க வேண்டும் என்று நெப்ராஸ்காக்காரர்கள் பல வருடம் கேட்டார்கள். செனட்டர் ஜார்ஜ் நாரிஸ் முன்னின்று, 1936 மார்ச்சில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. இலவசமாகக் கொடுத்த நிலத்தை வாரிசுகளிடமிருந்து அரசு காசு கொடுத்துத் திரும்ப வாங்கியது! மேற்குச் சமவெளியை உயர்ந்த நாகரிக நிலைக்குக் கொண்டுவந்த விவசாயக் கருவிகளை வைக்க ஓர் அருங்காட்சியகம் கட்ட வேண்டும் என்ற தொனியில் அந்தச் சட்டம் பேசுகிறது. ஆனால் 1936 எந்த வருடம்? பெருமந்தமும் புழுதிப் புயலும் சேர்ந்து அடித்த காலம். முந்தைய வருடம் ஏப்ரல் 14 அன்று தெற்குச் சமவெளியில் பட்டப்பகலில் கறுப்பு மண் சுவர் போல எழுந்து ஊர்களை மூடியது. அந்த நாளுக்குக் "கறுப்பு ஞாயிறு" என்றே பெயர். வேரோடு உழுது எறிந்த புல்லுக்குப் பதில் மண்ணைப் பிடித்து வைக்க ஒன்றுமில்லை. கலப்பைக்கு நினைவிடம் கட்டச் சட்டம் போட்ட நேரத்தில் கலப்பை செய்த வேலை காற்றில் பறந்துகொண்டிருந்தது.

தேசியப் பூங்காத் துறைக்கு வேறொரு தலைவலி. கையில் வந்த பண்ணையில் பாதுகாக்க என்ன இருந்தது? ஃப்ரீமனின் வீடு இல்லை. தொழுவம் இல்லை, 100 அடி ஆட்டுக்கொட்டகை இல்லை, பீச் தோப்பு இல்லை. பல வருடம் உழுது களைத்துப்போன, மண் அரித்த வயல்தான் இருந்தது.

பழைய மாதிரி போலி வீடு ஒன்று கட்டி, பண்ணை நடத்திக் காட்டியிருக்கலாம். பல இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். இங்கே 1939 முதல் வயலில் பிரெய்ரிப் புல்லைத் திரும்ப வளர்க்க ஆரம்பித்தார்கள். அதாவது ஃப்ரீமன் வாழ்நாள் முழுக்க எதை ஒழித்துக்கட்டினாரோ அதையே! இன்று சுமார் 100 ஏக்கரில் அந்தப் புல் நிற்கிறது. இப்படி மீட்கப்பட்ட பிரெய்ரிகளில் அமெரிக்காவிலேயே இது இரண்டாவது பழமையானது. முதலிடம் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கர்ட்டிஸ் பிரெய்ரிக்கு.

முதலில் படித்தபோது எனக்கு இது அநியாயமாகத்தான் பட்டது. ஒரு விவசாயியின் நினைவிடத்தில் அவன் உழைப்பையே அழிப்பதா? யோசிக்க யோசிக்க வேறு மாதிரி தோன்றுகிறது. பார்க்க வருகிறவன் ஒரு மாதிரி வீட்டைப் பார்த்தால் "அட, சின்ன வீடு" என்று சொல்லிவிட்டுப் போவான். தலைக்கு மேல் நிற்கும் புல்லுக்குள் இறங்கி நடந்தால்தான் 1863ல் ஃப்ரீமன் முன்னால் என்ன நின்றது என்று புரியும். எதை வாங்கினார், எதை அழித்தார் இரண்டும் ஒரே இடத்தில் தெரியும். அதோடு, உயரப்புல் பிரெய்ரி ஒரு காலத்தில் சுமார் 17 கோடி ஏக்கர் இருந்தது. இப்போது மிஞ்சியது 4 சதவீதத்துக்கும் குறைவு. அரிதாகிப்போனது பண்ணை இல்லை, புல்தான். அந்தப் பூங்கா வேலியைத் தாண்டினால் சுற்றிலும் சோளமும் சோயாவும்தானே.

ஆனால் ஒரு குறையும் சொல்ல வேண்டும். வெறும் புல்லை மட்டும் பார்க்கும்போது, ஃப்ரீமனுக்கு முன்னால் அங்கே மனிதர்களே இல்லை என்ற பழைய பொய்க்கு அது வலு சேர்க்கலாம். அந்தப் புல்வெளி தானாக இருந்ததில்லை. எருமை மேய்ந்தது, மின்னல் தீ வைத்தது, பழங்குடி மக்களும் வேட்டைக்காகவும் புதுப்புல்லுக்காகவும் தீ வைத்தார்கள். அதனால்தான் புதரும் மரமும் ஏறவில்லை. இன்று பூங்கா ஊழியர்கள் திட்டமிட்டுத் தீ வைக்கிறார்கள். மேலே எல்லாம் கருகும், ஆனால் புல்லின் குருத்து மண்ணுக்குக் கீழே பத்திரமாக இருப்பதால் சில வாரத்தில் பச்சை வந்துவிடும். தீ வைக்காமல் விட்டால் கொஞ்ச வருடத்தில் புதர் மண்டிவிடும். பாதுகாப்பது என்றால் பூட்டி வைப்பது என்று நினைக்கிறோம். இங்கே ஒவ்வொரு தலைமுறையும் வேலை செய்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது, ஃப்ரீமனைப் போலவே.

வீடே இல்லாத பண்ணையா என்று கேட்பவர்களுக்காக 1950ல் ஒரு வீட்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். பாமர் - எப்பர்ட் வீடு என்று பெயர். அதே வட்டாரத்தில் 1867ல் பாமர் என்பவர் மரத்துண்டுகளால் கட்டியது. 14 அடிக்கு 16 அடி. அதற்குள் கணவன் மனைவி, பத்துப் பிள்ளைகள்! நம் விடுதி அறையைப் பற்றிப் புலம்புகிறவர்கள் கவனிக்கவும். ஃப்ரீமன் வீடு இல்லை என்று ஒளிக்காமல் சொல்லியே வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்தது. வழக்குக்குக் காரணமான, 1872ல் கட்டிய செங்கல் பள்ளிக்கூடமும் இன்று பூங்காவின் பகுதி. 1967 வரை அங்கே வகுப்பு நடந்தது.

2007ல் புதிய அருங்காட்சியகக் கட்டிடம் திறந்தார்கள். அதன் கூரை மண்ணைக் கிழித்துப் போகும் கலப்பை போல வளைந்திருக்கும். வண்டி நிறுத்துமிடத்தைச் சரியாக ஒரு ஏக்கர் அளவில் அமைத்திருக்கிறார்கள், ஒரு ஏக்கர் எவ்வளவு என்று வருகிறவர்கள் காலால் தெரிந்துகொள்ள. அதைப் போல 160 மடங்கு என்று மனக்கணக்குப் போட வேண்டும். ஹோம்ஸ்டெட் நடந்த 30 மாநிலங்களின் உருவங்களையும் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றிலும் எத்தனை பங்கு நிலம் இப்படிப் போனதோ அந்த அளவுக்குத் துளை வெட்டியிருக்கிறார்கள். நெப்ராஸ்காவில்தான் அதிகம், 45 சதவீதம். எந்த மக்களிடமிருந்து அந்த நிலம் வந்தது என்ற கதையும் உள்ளே காட்சியில் உண்டு. 1936ல் சட்டம் எழுதியவர்கள் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஹோம்ஸ்டெட் சட்டம் 1976ல் நீக்கப்பட்டது, அலாஸ்காவில் மட்டும் 1986 வரை நீடித்தது. கடைசிப் பட்டா 1988ல் அலாஸ்காவில் ஸ்டோனி ஆற்றங்கரையில் 80 ஏக்கருக்குக் கொடுக்கப்பட்டது. அந்தக் கடைசி ஆள் ஓட்டிய பழைய டிராக்டர் இன்று முதல் ஆளின் நிலத்தில் உள்ள அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 2021ல் அந்த இடத்தின் பெயரை ஹோம்ஸ்டெட் தேசிய வரலாற்றுப் பூங்கா என்று மாற்றினார்கள்.

ஃப்ரீமன் கையால் நட்டது எதுவுமே மிஞ்சவில்லையா என்றால், ஒன்று இருக்கிறது. பூங்காவின் தெற்கு எல்லையில் ஓசேஜ் ஆரஞ்சு மரங்களின் நீண்ட வரிசை. முள்கம்பி பரவலாவதற்கு முன்னால் மாடு ஆடு தாண்டாமல் இருக்க பிரெய்ரி விவசாயிகள் இந்த முள்மரத்தைத்தான் உயிர்வேலியாக நட்டார்கள். காய் ஆரஞ்சு அளவில் பச்சையாக, மூளை மாதிரி சுருக்கம் சுருக்கமாக இருக்கும், சாப்பிட முடியாது. அந்த மரம் நெப்ராஸ்காவுக்குச் சொந்தமானது அல்ல, டெக்சாஸ் பக்கத்தது. புல்வெளியில் மற்ற இடங்களில் மரம் முளைத்தால் ஊழியர்கள் வெட்டுகிறார்கள், எரிக்கிறார்கள். இந்த வரிசையை மட்டும், வெளியூர் மரம் என்று தெரிந்தே, காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.